சிற்றூர் வானூர்தியும் வலவர் ஊதியமும்

புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறுமிடத்து, செலுத்துவோன் இன்றித் தானே இயங்கும் வான ஊர்தி ஒன்றைக் குறிப்பிடுகின்றார். தேரையும் ஊர்தியையும் செலுத்துவோனுக்கு அக்காலத்தார் இட்ட பெயர் வலவன். விமானி என்று நாம் இன்று வழங்குவதற்கு அதனினும் பொருந்திய தமிழ்ச்சொல் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. புலவரின் கற்பனையில் வலவன் இல்லாத ஊர்தி எளிதாகப் பறந்துவிட்டது. நம் காலத்து வானூர்தி நிறுவனங்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. எழுபது பேர் அமரும் வானூர்தியாயினும் நூற்றெண்பது பேர் அமரும் வானூர்தியாயினும் முன்னறையில் வலவர் இருவர் அமர்ந்தே ஆகவேண்டும். சிறு நிறுவனங்களின் துன்பத்தில் ஒரு பெரும்பகுதி இந்த இருவர் என்னும் எண்ணிலிருந்தே தொடங்குகின்றது.

செஞ்சியையும் அனந்தபுரத்தையும் சுற்றி வாழும் நமக்கு வானூர்தி நிறுவனங்களின் உட்பூசல் எதற்கு என்று மாணவர் கேட்கக்கூடும். செஞ்சிக்கு இருப்புப்பாதையே இன்னும் வந்தபாடில்லை; பிறகு வானூர்தியைப் பற்றி என்ன பேச்சு என்பதும் நியாயமான கேள்வியே. ஆயினும் 2025 சூலையில் யுனெசுகோ நிறுவனம் மராட்டியர் படைநிலைகள் என்னும் வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் செல்வமாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சிக் கோட்டை ஒன்றே. கோட்டையைக் காண அயல்நாட்டார் வருவர் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறோம். அவர்கள் வந்து இறங்கத்தக்க அண்மை நிலையம் புதுச்சேரி இலாசுப்பேட்டையில் உள்ளது. அந்நிலையத்தின் அண்மைக்கால வரலாறு பெரிதும் வருவதும் போவதுமாகவே அமைந்துள்ளது. 2013 சனவரியில் புதிய முனையக் கட்டடம் திறக்கப்பெற்று, ஸ்பைஸ்ஜெட் நிறுவனம் பெங்களூருக்குப் பறந்தது. மறு ஆண்டே அது நின்றது. 2015இல் அலையன்ஸ் ஏர் வந்தது, அவ்வாண்டே விடைபெற்றது. 2017இல் உடான் திட்டத்தின்கீழ் ஸ்பைஸ்ஜெட் மீண்டும் வந்து ஐதராபாத்துக்குப் பறந்தது. 2024இல் அதுவும் ஓய்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இண்டிகோ வந்தது. சேலத்தின் கதையும் இதுவே. 1993இல் திறக்கப்பெற்ற அந்நிலையத்தில் 2009இல் கிங்ஃபிஷர் இறங்கிற்று, 2011இல் நின்றது. 2018இல் ட்ரூஜெட் வந்தது, பின்னர் அந்நிறுவனமே 2022இன் தொடக்கத்தில் பறப்பதை நிறுத்தியது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன.

இவ்வாறு ஒரு நிறுவனம் தளர்ந்து வீழும்போது வெளியுலகுக்குத் தெரியவரும் முதல் அடையாளம் பெரும்பாலும் ஒன்றே. விமானிகள் பணிக்கு வரவில்லை. ஆகவே வானூர்தி புறப்படவில்லை என்னும் செய்தி நாளிதழில் வரும். வழியில் தங்கிவிட்ட பயணி விமானியை நோகிறார். நிறுவனமும் அவ்வாறே நோகிறது. ஆயின் பூசல் நிறுவனத்தை வீழ்த்திற்றா, வீழ்ச்சி பூசலைத் தோற்றுவித்ததா என்பதை ஆராய்ந்து பார்ப்பவர் குறைவு.

வணிகக் கணக்கை முதலில் நோக்குவோம். நம் நாட்டில் சிற்றூர்களுக்குப் பறப்பவை பெரும்பாலும் ஏடிஆர் 72 என்னும் சுழல்விசிறி வானூர்திகள். பிரான்சு நாட்டுத் துலூசில் உருவாகும் இவற்றில் ஏறத்தாழ எழுபது இருக்கைகள் உண்டு. குறுகிய ஓடுபாதையில் இறங்கும். எரிபொருளும் குறைவாகவே செலவாகும். ஆனால் விமானியர் இருவரின் ஊதியத்தை எழுபது இருக்கைகளுக்குப் பங்கிடுவதும் நூற்றெண்பது இருக்கைகளுக்குப் பங்கிடுவதும் ஒன்றாகா. பொறியாளர் கையொப்பம், தரைப்பணி, பயிற்சி, காப்பீடு ஆகிய பலவும் இவ்வாறே. ஓர் இருக்கைக்குச் செலவு மிகுகின்றது. சிற்றூர்ப் பயணியோ மிகுந்த கட்டணம் தரவியலாதவர். சேலத்திலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தும் இரயிலும் இருக்கையில், ஒரு வரம்புக்குமேல் கட்டணம் வைத்தால் இருக்கை காலியாகவே பறக்கும்.

அரசு இதனை அறியாமலில்லை. எண்பதுக்குக் குறைந்த இருக்கையுடைய வானூர்திகளுக்கு அரசு நிலையங்களில் இறங்குகட்டணம் விலக்கப்பட்டது. எரிபொருள் மீதான விற்பனை வரியிலும் சலுகை வந்தது. 2017 ஏப்ரல் 27ஆம் நாள் சிம்லாவிலிருந்து டில்லிக்கு அலையன்ஸ் ஏர் வானூர்தி பறந்ததோடு உடான் திட்டம் செயலுக்கு வந்தது. ஒருமணிநேரப் பயணத்துக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு வகுக்கப்பட்டது. அதனால் நேரும் இழப்பை மூன்றாண்டுகளுக்கு அரசு ஈடுசெய்யும். மூன்றாண்டு முடிந்தபின் தடம் தன் காலிலேயே நிற்கவேண்டும். நின்றதா? இந்தியத் தணிக்கைத் துறையின் 2023ஆம் ஆண்டு அறிக்கை இதற்கு விடை தருகின்றது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பெற்ற 774 தடங்களுள் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371 தடங்களுள் மூன்றாண்டை நிறைவுசெய்தவை 112. அதற்குப் பின்னும் 2023 மார்ச்சு வரை நீடித்தவை 54 மட்டுமே.

இத்தகைய தடங்களை நம்பி நிற்கும் நிறுவனத்தில் பணம் குறையும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்பதே மேலாளரின் அன்றாடக் கவலையாகின்றது. வானூர்திகள் பெரும்பாலும் நிறுவனத்துக்குச் சொந்தமானவையல்ல. அயர்லாந்து முதலிய நாடுகளிலுள்ள குத்தகை நிறுவனங்களிடமிருந்து மாத வாடகைக்கு எடுத்தவை. வாடகை தவறினால் வானூர்தி போய்விடும். எண்ணெய் நிறுவனம் நிலுவை மிகுந்தால், கையில் காசு தந்தால் ஒழிய எரிபொருள் இல்லை என்றுவிடும். வானூர்தி நிலைய ஆணையம் கட்டணம் வராவிட்டால் புறப்பட விடாது. ஊழியரின் ஊதியத்தைத் தள்ளிப்போட்டாலோ அன்றே ஒன்றும் நின்றுவிடுவதில்லை. மாத இறுதியில் வரவேண்டியது அடுத்த மாதம் பதினைந்தில் வரும். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். உண்மையில் அவ்வூழியர் வட்டியும் ஈடும் இன்றித் தம் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவராகின்றார். அவர் விரும்பிக் கொடுத்த கடனும் அன்று அது.

தமிழகத்துப் பழைய நிறுவனங்கள்

1981 சனவரியில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் கூட்டாக வாயுதூத் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. வடகிழக்கு மாநிலங்களை இணைப்பதே முதல் நோக்கம். பின்னர் அது கைக்கு அடங்காத அளவில் நாடெங்கும் விரிந்தது. டோர்னியர் 228 என்னும் பத்தொன்பது இருக்கை வானூர்தியில் இருவர் விமானியராக அமர்ந்து, பத்துப் பன்னிருவரை ஏற்றிச் சென்றால் கணக்கு எங்ஙனம் நேராகும்? இழப்புப் பெருகி 1993இல் அது இந்தியன் ஏர்லைன்சோடு இணைக்கப்பெற்றது.

அதே காலத்தில் பெரிய நிறுவனமாகிய இந்தியன் ஏர்லைன்சே விமானியர் போராட்டத்தால் தத்தளித்தது. தனியார் நிறுவனங்கள் வானில் நுழைந்து இருமடங்கு, மும்மடங்கு ஊதியம் காட்டி விமானியரை ஈர்த்த காலம் அது. 1992 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்தைச் சமாளிக்க அயல்நாட்டு வானூர்திகள் விமானியரோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கப்பட்டன. அவ்வாறு உசுபெகிசுத்தானிலிருந்து வந்த துபோலெவ் 154 வானூர்தி ஒன்று 1993 சனவரி 9ஆம் நாள் ஐதராபாத்திலிருந்து வந்து டில்லியில் மூடுபனியிடையே இறங்குகையில் கவிழ்ந்து தீப்பற்றியது. உள்ளிருந்தோர் அனைவரும் உயிர்தப்பினர் என்பது பெருவியப்பு. விமானியின் இடத்தை விலைகொடுத்து நிரப்பிவிடலாம் என்னும் எண்ணத்துக்கு அன்று கிடைத்த எச்சரிக்கையாகவே அதனை யான் கருதுகின்றேன்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு காற்றாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த என்இபிசி குழுமம் 1990களில் ஃபோக்கர் 27 வானூர்திகளோடு வான்தொழிலில் இறங்கியது. தமானியா என்னும் மும்பை நிறுவனத்தை வாங்கி விரிவுபெற்றது, 1997இல் முடங்கியது. 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் நிறுவனம் எம்பிரேயர் வானூர்திகளில் உயர்வகுப்பு இருக்கைகளையே வைத்துச் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களை இணைத்தது. குத்தகைதாரரோடு நேர்ந்த வழக்கால் 2010இல் அதுவும் நின்றது. கோவையின் ஏர் கார்னிவல் 2016இல் தொடங்கி மறு ஆண்டே மறைந்தது.

விமானி ஏன் எளிதில் வெளியேற முடிவதில்லை?

ஊதியம் வராவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்குதான் இத்தொழிலின் தனித்தன்மையை விளங்கிக்கொள்ள வேண்டும். வணிக விமானி உரிமம் பெற 200 மணிநேரம் பறந்த பட்டறிவு வேண்டும். அதற்காகும் செலவு அரைக் கோடி ரூபாயை எளிதில் தாண்டும். வீட்டை ஈடுவைத்துக் கடன் வாங்கியவரே மிகுதி. அதன் பின்னரும் எந்த வகை வானூர்தியை ஓட்டப்போகிறாரோ அந்த வகைக்கெனத் தனித் தகுதி பெறவேண்டும். அதற்கும் பல இலட்சம் ஆகும். ஏடிஆர் ஓட்டத் தகுதி பெற்றவர் ஏர்பஸ் ஓட்டவியலாது. ஆகவே நாட்டில் ஏடிஆர் வைத்திருக்கும் இரண்டு மூன்று நிறுவனங்களே அவருக்குப் புகலிடம். பயிற்சிச் செலவைத் தாமே ஏற்கும் நிறுவனங்கள், இத்தனை ஆண்டு பணியாற்றுவேன் என்னும் உறுதிமுறியில் கையொப்பம் வாங்கிக்கொள்கின்றன.

இதன்மேல் அரசின் விதி ஒன்றும் உண்டு. 2005இல் சிவில் வான்போக்குவரத்து இயக்குநரகம், விலகவிரும்பும் விமானி ஆறுமாத முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று விதித்தது. 2017இல் அதனைத் தலைமை விமானிக்கு ஓராண்டாக உயர்த்தியது. துணை விமானிக்கு ஆறுமாதம். பொதுநலம் கருதியே இவ்விதி என்பர். 2023இல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானியர் முன்னறிவிப்புக் காலத்தை நிறைவுசெய்யாமல் விலகியபோது, அந்நிறுவனம் பல வானூர்திப் பயணங்களை நீக்கவேண்டி வந்தது, நீதிமன்றத்தையும் நாடியது. ஆகவே நிறுவனத்தின் அச்சம் பொய்யன்று. ஆயினும் நான்கு மாதமாகச் சம்பளம் தராத நிறுவனத்துக்கும் ஓராண்டு உழைக்கவேண்டும் என்றால், அது ஒப்பந்தத்தின் ஒரு தட்டில் மட்டும் எடைக்கல் வைத்ததாகாதா?

ஊதியத்தின் அமைப்பும் நோக்கத்தக்கது. விமானியின் வருவாயில் அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதியே. பறந்த மணிநேரத்துக்கேற்ற படி மற்றொரு பெரும்பகுதி. மாதத்துக்கு இத்தனை மணி பறந்தாலும் பறக்காவிட்டாலும் உறுதி என்று ஒரு கீழ்வரம்பு வைப்பர். இந்தக் கீழ்வரம்பைக் குறைத்தால் சம்பளத்தைத் தொடாமலேயே வருவாயைப் பாதியாக்கிவிடலாம். கொரோனாக் காலத்தில் பல நிறுவனங்களில் நிகழ்ந்தது இதுவே. சிறு வானூர்தியின் விமானி ஒரே நாளில் நான்கு முதல் ஆறு முறை ஏறி இறங்குபவர். ஏற்றமும் இறக்கமுமே இத்தொழிலில் மிக விழிப்பு வேண்டுவன. நீண்ட தொலைவு பறப்பவரை நோக்க, அவருடைய கணக்கில் சேரும் மணிநேரமோ குறைவு.

விமானியர் மாதம் இலட்சக்கணக்கில் பெறுபவர். அவர்பொருட்டு இரக்கப்படுவானேன் என்று கேட்போர் உளர். கேள்வியில் உண்மை உண்டு. மூட்டை ஏற்றுபவரும் பயணச்சீட்டு முகப்பில் நிற்பவரும் ஒரு மாதச் சம்பளம் தவறினாலே கடன்காரர் வாயிலில் நிற்பர். ஆனால் அவர்கள் பணிநிறுத்தம் செய்தால் வேறு ஆளை அமர்த்திவிடலாம். வானூர்தியை நிறுத்தும் ஆற்றல் இருவர்க்கே உண்டு: ஒருவர் விமானி, மற்றவர் பறக்கத் தகுதியுடையது எனக் கையொப்பமிடும் பராமரிப்புப் பொறியாளர். இவ்விருவர் போராடும்போது, அவர்கள் கருதினும் கருதாவிடினும், முகப்பில் நிற்பவரின் நிலுவையும் வெளிச்சத்துக்கு வருகின்றது.

கிங்ஃபிஷர் காட்டிய பாடம்

இதனைத் தெளிவாகக் காட்டியது 2012ஆம் ஆண்டு. கேப்டன் கோபிநாத் 2003இல் தொடங்கிய ஏர் டெக்கான், ஏடிஆர் வானூர்திகளைக் கொண்டு சிற்றூர்களைக் குறைந்த கட்டணத்தில் இணைத்த முன்னோடி. அதனை விசய் மல்லையாவின் கிங்ஃபிஷர் 2007இல் கைக்கொண்டு, மறு ஆண்டு தன்னோடு இணைத்துக்கொண்டது. தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்கு இறங்கிய சிவப்பு நிற ஏடிஆர்கள் இவ்வழி வந்தவையே. 2005இல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர் ஓராண்டேனும் இலாபம் கண்டதில்லை. 2012இல் மார்ச்சு முதலான மாதங்களின் ஊதியம் வரவில்லை. விமானியரும் பொறியாளரும் இடையிடையே பணிமறுப்பதும், வாக்குறுதி பெற்றுத் திரும்புவதுமாக அவ்வாண்டின் நடுப்பகுதி கழிந்தது. செப்டம்பர் இறுதியில் பொறியாளர் போராட்டம் வலுத்தது. அக்டோபர் முதல் நாள் நிறுவனம் பகுதிக் கதவடைப்பை அறிவித்தது. அந்த வாரத்தில் டில்லியில் ஊழியர் ஒருவரின் மனைவி வறுமை தாளாது உயிர்நீத்தார் என்னும் செய்தி வந்து நாட்டை உலுக்கிற்று. அக்டோபர் 20ஆம் நாள் இயக்குநரகம் பறக்கும் உரிமத்தை இடைநிறுத்தியது. ஐந்து நாள் கழித்து, மூன்று மாத ஊதியத்தைத் தீபாவளிக்குள் தருவதாக உடன்பாடு ஏற்பட்டுப் போராட்டம் முடிந்தது. ஊழியர் பணிக்குத் திரும்பினர். பறப்பதற்கு உரிமம்தான் இல்லை. அவ்வாண்டின் இறுதி நாளோடு உரிமமும் காலாவதியாயிற்று.

இந்நாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். ஊதியம் நின்று ஆறு மாதத்துக்கு மேலாகியும் வானூர்திகள் பறந்துகொண்டிருந்தன. நிறுவனத்தை வீழ்த்தவேண்டும் என்றிருந்தால் அவர்கள் முதல் மாதத்திலேயே நிறுத்தியிருக்கலாம்.

விமானி தொழிலாளியா?

சட்டம் பயில விரும்பும் மாணவர்க்கு இப்பகுதி பயன்படும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் தொழிலாளி என்னும் சொல்லுக்கு வரையறை தந்தது. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் பணி ஆகியவற்றைச் செய்பவர் தொழிலாளி. மேலாண்மைப் பணி செய்பவரும், குறிப்பிட்ட ஊதியத்துக்கு மேற்பட்டு மேற்பார்வைப் பணி செய்பவரும் தொழிலாளியல்லர். தலைமை விமானி வானூர்திக்குள் யாவர்க்கும் ஆணையிடும் அதிகாரமுடையவர். ஆகவே அவர் மேற்பார்வையாளர், தொழிலாளியல்லர் என்று நிறுவனங்கள் வாதிடும். அவருடைய முதன்மைப் பணி வானூர்தியைச் செலுத்துவது, அது தொழில்நுட்பத் திறன் என்பது விமானியர் தரப்பு. டில்லி உயர்நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் விமானியர் தரப்பையே ஏற்றுள்ளது. பெயரையோ ஊதிய அளவையோ பாராது, ஒருவர் செய்யும் முதன்மைப் பணி யாது என்பதையே பார்க்கவேண்டும் என்பது நெடுநாளைய நெறி.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. தொழிலாளியாயின் சங்கம் அமைத்ததற்காக நீக்கப்பட்டால் சமரச அலுவலரிடம் செல்லலாம். 2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானியர் சங்கம் அமைத்தபோது இருவர் நீக்கப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தனர். செப்டம்பர் 8 முதல் ஐந்து நாள் நாடெங்கும் பயணியர் அல்லலுற்றனர். நீக்கப்பட்டவர்களைத் திரும்ப ஏற்பதாக உடன்பட்டபின்னரே பூசல் தணிந்தது.

சங்கத்தினும் பெரிய வேறுபாடு நிறுவனம் நொடிக்கும்போது தோன்றுகின்றது. 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, கலைக்கப்படும் நிறுவனத்தின் பணத்தை எந்த வரிசையில் பங்கிடுவது என்று கூறுகின்றது. கலைப்புச் செலவு போக, தொழிலாளரின் இருபத்துநான்கு மாத நிலுவை, ஈடு பெற்ற வங்கிகளோடு ஒரே வரிசையில் நிற்கும். தொழிலாளியல்லாத ஊழியருக்கோ பன்னிரண்டு மாத நிலுவையே. அதுவும் அடுத்த படியில். வங்கிகள் எடுத்தபின் அடுத்த படிக்கு எஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுமிராது. 2019 ஏப்ரலில் நின்ற ஜெட் ஏர்வேசை மீட்க ஐந்தாண்டு முயன்று, இறுதியில் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் கலைக்க ஆணையிட்டது. ஆகவே, தொழிலாளியா இல்லையா என்னும் வினாவின் விடை ஒரு விமானியின் பிள்ளைகள் படிப்புச் செலவையும் வீட்டுக் கடனையும் தொடுகின்றது. வருங்கால வைப்புநிதியும் பணிக்கொடையும் மட்டும் இந்த வரிசைக்கு வெளியே காக்கப்பெற்றுள்ளன.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. மேற்பார்வையாளருக்கான ஊதிய வரம்பு 18,000 ரூபாயாக உயர்ந்துள்ளது; விமானிக்கு இதனால் மாற்றமில்லை. வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலகங்களுக்கும் பொதுவாகிவிட்டது. வான்போக்குவரத்து பழைய சட்டத்திலேயே பொதுப் பயன்பாட்டுப் பணியாக இருந்ததால் விமானியர்க்கு அதுவும் புதிதன்று. பாதியளவினரோ அதற்கு மேற்பட்டோரோ ஒருங்கே தற்செயல் விடுப்பெடுப்பதும் வேலைநிறுத்தமாகக் கருதப்படும் என்பதே புதிது.

குத்தகைதாரரின் நிலையையும் இதனோடு ஒப்பிடலாம். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் நொடிப்பு வேண்டி விண்ணப்பித்தபோது, வானூர்திகளைத் திருப்பி எடுக்கவியலாமல் அயல்நாட்டுக் குத்தகை நிறுவனங்கள் திகைத்தன. அவ்வாண்டு அக்டோபரிலேயே வானூர்திகளுக்கு விலக்களிக்கும் அறிவிக்கை வெளிவந்தது. 2025இல் கேப்டவுன் உடன்படிக்கையைச் செயற்படுத்தும் தனிச்சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. முதலீடு வரவேண்டுமாயின் இது தேவை என்பதை யான் மறுக்கவில்லை. அதே விரைவு ஊதிய நிலுவைக்குக் காட்டப்பெறவில்லை என்பதையும் கூறவே வேண்டும். வானூர்தி நிறுவனம் ஊதியத்தை இத்தனை நாள் தவறினால் இயக்குநரகம் உடனே தலையிடவேண்டும் என்று ஒரு விதி இருந்தால், பயணியின் பாதுகாப்புக்கும் அது உதவும். வீட்டுக் கடனை எண்ணி உறங்காதவர் மறுநாள் விடியலில் மழையிடையே எழுபது பேரோடு இறங்கவேண்டியிருக்கிறது அல்லவா?

அலையன்ஸ் ஏர் இன்று இருக்கும் நிலை

சிற்றூர்களுக்கென்றே பறக்கும் நிறுவனங்களுள் நமக்கு நெருக்கமானது அலையன்ஸ் ஏர். 1996இல் இந்தியன் ஏர்லைன்சின் துணை நிறுவனமாகத் தோன்றியது. 2022 சனவரியில் ஏர் இந்தியா டாட்டா குழுமத்துக்குச் சென்றபோது இது உடன்செல்லவில்லை. அரசின் கையிலேயே தங்கி, அவ்வாண்டு ஏப்ரல் முதல் தனித்து இயங்கலாயிற்று. தாய் நிறுவனத்தின் பயணச்சீட்டு முறை, பொறியியல் உதவி ஆகிய நிழல்கள் விலகின. ஏறத்தாழ இருபது சிறு வானூர்திகளே அதன் கைவசம் இருந்தன. 2019 நவம்பரில் சென்னையையும் யாழ்ப்பாணத்துப் பலாலியையும் இணைத்தது இந்நிறுவனமே. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்ற அத்தடம் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. போரால் பிரிந்த உறவினர் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் கடல் கடந்து காணும் வாய்ப்பை அத்தடம் தந்தது. இலாபநட்டக் கணக்கில் அதற்குப் பத்தி இல்லை.

தனித்து இயங்கத் தொடங்கிய அதே 2022ஆம் ஆண்டில், அதன் விமானியருள் ஒரு பகுதியினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கொரோனாக் காலத்தில் குறைத்த ஊதியத்தை முன்னிருந்தவாறு தரவேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. கூடுதலாக ஒரு காசும் கேட்டாரல்லர். டாட்டாவிடம் சென்ற ஏர் இந்தியா படிப்படியாகப் பழைய ஊதியத்தை மீட்டளித்துக்கொண்டிருந்ததை அவர்கள் கண்டனர். நேற்றுவரை ஒரே குடும்பமாயிருந்தோருள் ஒருவர்க்குக் கிடைத்தது மற்றவர்க்குக் கிடைக்கவில்லை. 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் இணைந்தபின் 2011இலும் 2012இலும் நிகழ்ந்த நீண்ட வேலைநிறுத்தங்களும் இத்தகைய ஒப்பீட்டிலிருந்தே எழுந்தன. 2012இல் புதிய டிரீம்லைனர் வானூர்தியை யார் ஓட்டுவது என்பதற்காக 58 நாள் பணி நின்றது. இணைத்தாலும் பிரித்தாலும் மூப்பு வரிசையையும் ஊதியத்தையும் முன்கூட்டியே எழுதி முடிக்காமல் விட்டால் பூசல் பின்தொடரும்.

கிங்ஃபிஷர் ஊழியரின் நிலுவைக் கணக்கோ இன்னும் நீண்டது. நிறுவனத்தைக் கலைக்கக் கருநாடக உயர்நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது. 2025 டிசம்பரில் சென்னையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி, முடக்கி வைத்திருந்த சொத்துகளின் வழி வந்த தொகையிலிருந்து ஏறத்தாழ 312 கோடி ரூபாய், முன்னாள் ஊழியர்க்குப் பங்கிடும் பொருட்டு அரசுக் கலைப்பு அலுவலரிடம் ஒப்படைக்கப்படலாயிற்று. மார்ச்சு மாதச் சம்பளம் எப்போது வரும் என்று அவர்கள் கேட்கத் தொடங்கியது 2012இல்.